குறியீடு பூஜ்ஜியம்

நானூற்றுப் பன்னிரண்டு குரல்பதிவுகள்.
ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டைக் குடியிருப்பிலிருந்து
ஊருக்குப் போனவை, ஊரிலிருந்து வந்தவை.
வாட்ஸாப்பில் இங்கே அழைப்பு எடுக்காது,
பதிவு போகும்.
ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்கினேன்.
"எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை"
என்ற வரிக்கு வந்ததும்
சாரம் கட்டுகிற ஒருவர் சிரித்துவிட்டார்:
"இதையே எங்க கம்பெனிக்காரன்கிட்டயும்
ஒரு தாள்ல எழுதி வாங்கிக் குடுங்க மேடம்."
அதையும் குறித்துக்கொண்டேன்,
எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல்.

கட்டங்கள் ஆறு.
ஒன்று பணம். இரண்டு உடல்நலம். மூன்று சண்டை.
நான்கு சாவு, சடங்கு. ஐந்து கொஞ்சல்.
பூஜ்ஜியம் என்றால் உள்ளடக்கம் இல்லை.
சண்டையும் கொஞ்சலும் ஒரே மூச்சில் வந்தால்
முந்தி வந்தது எதுவோ அதுவே கணக்கு
என்று விதி எழுதியவள் நான்தான்.

விதிப்படி இரண்டாவது செவி ஒன்று வேண்டும்.
துறை எனக்கு ரஸானைத் தந்தது.
ஓம்துர்மான்காரி, முதுகலை இரண்டாம் ஆண்டு.
தமிழில் "சரி", "போதும்" இரண்டுதான் தெரியும்.
மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
தனியாகக் கேட்டாள், தனியாகக் குறித்தாள்.
நாங்கள் ஒத்துப்போன அளவு 0.61.
எழுபதுக்குக் கீழே
எந்த ஆய்விதழும் கதவைத் திறப்பதில்லை.

ஜூன் மாதத்து இரவு.
பல்கலைக்கழக நகரத்தின் வெள்ளைக் குவிமாடங்கள்
இறக்கி வைத்த இட்லிப் பானைபோல
இன்னும் ஆவி விட்டன.
முரண்பட்ட பதிவுகளை எடுத்து உட்கார்ந்தோம்.

207. பதினான்கு விநாடி.
"ம்... ஒண்ணுமில்ல. சும்மாதான்."
நான் பூஜ்ஜியம் போட்டிருந்தேன்.
அவள் ஐந்து.
ஒன்றுமில்லை என்று அவரே சொல்கிறாரே, என்றேன்,
மொழி தெரிந்த திமிரில்.
ரஸான் ஒலியைக் கூட்டினாள்.
"சொல்லுக்கு மூன்று விநாடி. மீதி பதினொன்று?"

ஏசியின் உறுமல்.
இரும்புக் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.
யாரோ வெங்காயம் நறுக்கினார்கள்.
மூக்கு உறிஞ்சும் சத்தம்,
வெங்காயத்தாலும் இருக்கலாம்.

"விரலை அழுத்திப் பிடித்தால்தானே பதிவாகும்.
பதினொரு விநாடி
விரலை எடுக்கவில்லை, பார்."
மேலே இழுத்துப் பூட்டியும் விடலாமே, என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
மேசைமேல் அவள் கைபேசி திறந்திருந்தது,
அம்மா என்று அரபியில்,
அதன் கீழே பச்சைப் பெட்டிகள் வரிசையாக,
எல்லாவற்றிலும் ஒற்றை டிக்.

செப்டம்பரில் வகுப்பு.
நாடுகடந்த தகவல் ஓட்டம், தாள் 312.
அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று வரைந்து
இரைச்சலை வழக்கம்போல வெளியே
ஓர் அம்புக்குறியாகப் போட்டேன்.
கற்பித்தலுக்கு அனுமதி இருந்ததால்
207ஐ ஒலிக்கவிட்டேன்.
ஹும்மைத் கேட்டான்: தேர்வுக்கு வருமா?
மைதா, அவள் பேரைக் கேட்டு
முதல் நாள் உள்ளுக்குள் சிரித்தவள் நான் மட்டுமே,
"எங்கள் வீட்டில் வேலை செய்பவரும் இப்படித்தான்,
துணி துவைக்கும் அறையில் நின்று..."
என்று தொடங்கி
பாதியில் நிறுத்தி
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.
யாரும் குறிப்பெடுக்கவில்லை.

அக்டோபரில் ஒரு வரி வந்தது:
"மேடம், என்னோடதெல்லாம் எடுத்துருங்க."
காரணம் சொல்லவில்லை.
தேவையில்லை என்று
நான்தானே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது கோப்பில் 206க்கு அடுத்து 208.
ஒத்துப்போகும் அளவு எழுபத்து நான்குக்கு ஏறிவிட்டது.
இதை எழுதுவதுகூட ஒருவகையில் விதிமீறல்.
அதனால் எண்ணை மாற்றிவிட்டேன்,
விநாடிகளை, தொழிலை, அவர் சொன்ன சொற்களை,
வெங்காயத்தையும்.

விரலை மாற்ற வரவில்லை.