ஒரே விரிசல் இரண்டு முறை

கம்மனஹள்ளியில் டயர் கடைக்கு மேல்மாடி.
அங்கே உட்கார்ந்துதான் அழிக்கிறேன்:
பால்கனிக்குக் குறுக்கே தொங்கும் கேபிள் வயர்,
கேட்டை மறைத்து நிற்கும் தண்ணீர் லாரி,
வாட்ச்மேனின் கால் உடைந்த நாற்காலி,
ஒருமுறை வாட்ச்மேனையும்.
படத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
நாய்க்குத் தனியாகக் காசு கிடையாது.

பெரிய வித்தையெல்லாம் இல்லை.
பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் கடன் வாங்கி
வேண்டாததன் மேல் பூசுவது.
புல் கேட்டால் புல் தரும்.
வானம் எவ்வளவு கேட்டாலும் தரும்.
சுவர்தான் கஞ்சன்.

போன மார்ச்சில் எங்களுக்கே வீடு தேட வேண்டிவந்தது.
முருகேஷ்பாளையா, இரண்டாவது மாடி,
படுக்கையறைக்கு வெளியே வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம்.
ஆரோக்கியதாஸ் போனை நீட்டினார்: "இது பரவால்ல, பாரு."

சுவரில் ஒரு விரிசல்,
அறுந்த பல்லி வால் மாதிரி.
நாலடி தள்ளி அதே விரிசல்,
அதே நெளிவு,
முனையில் அதே கடுகளவு கறை.
எந்தச் சுவரும் ஒரே மாதிரி இரண்டு முறை விரியாது.

"இங்க ஏதோ இருந்திருக்கு."
"என்னது?"
"தெரியல. கதவு இல்ல.
ஒரு ஆளு இடுப்புவரைக்கும் தெரியற அளவு."

இடப்பக்கத்திலிருந்தே எடுத்து ஒட்டுகிற கை
எங்கள் ஆபீசில் ஒன்றுதான்.
மறுநாள் திப்பேசாமியிடம் கேட்டேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன்.
"எந்தச் சுவர்க்கா?
ஒரு நாளைக்கு நாப்பது சுவர்."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம்.
ஜன்னல்.
கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில்
இன்னொரு வீட்டு ஜன்னல்.
கம்பியில் ஸ்கூல் சாக்ஸ் காய்ந்தது.
உள்ளே கட்டிலில் ஒரு பையன், மடியில் டிரம்பெட்.
நீங்களாவது இருப்பீர்களா என்று கன்னடத்தில் கேட்டான்.
முன்பு இருந்தவர்கள் இதனால்தான் போனார்களாம்;
தூக்கிக் காட்டினான்,
கொஞ்சம் பெருமையாகவே.

வீட்டுக்கார அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி
காவேரித் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.
சுவரில் விரிசல் இருக்கிறதே என்றேன்.
ஒன்றுதானே, பூசிக்கொடுக்கிறேன் என்றார்.
"போட்டோவில் இரண்டு இருக்கு."
அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்,
முதலில் சுவரை, அப்புறம் என்னை.
வாடகையில் ஆயிரத்தைந்நூறு குறைந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு அவன் ஆரம்பிப்பான்.
நான்காவது சுரத்தில் வழுக்கி
மறுபடி முதலிலிருந்து.
ஆரோக்கியதாஸ் டிவியைக் கூட்டிவைப்பார்.
சத்தத்தை எடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் லேப்டாப்பில்
எந்த ஊரிலோ யாருடைய ஜன்னலையோ
மூடிக்கொண்டிருப்பேன்.
இப்போதெல்லாம் மூடுமுன்
பெரிதாக்கிப் பார்க்கிறேன்,
கம்பியில் ஏதாவது காய்கிறதா என்று.