கல்லுண்டாய் வெளியில் படுத்திருந்தது

வெற்று எண்ணெய்க் கான்கள் பதினாறு,
அரைவாசிக்கு மண் நிரப்பி, வளைத்து வளைத்து வைத்திருந்தது.
உப்புக்காற்று அவற்றின் வாயில் ஊதிப் பார்த்தது.
ஆர் முதலில் ஓடுவது என்று கேட்பா என நின்றோம்.
மெற்றில்டா கேட்டது வேறு:
"ஆர் முதல் படுக்கிறது?"

ஏழு சாரதிகள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எங்கள் எல்லாரிலும் இளையவ அவ.
பதினொரு வருசம் இந்த அம்புலன்ஸை ஓட்டியிருக்கிறேன்,
இதன் கூரை என்ன நிறம் என்று
அன்றுதான் தெரிந்தது.

நெஞ்சுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் பெல்ற் போட்டா.
தோளுக்குரியது
வண்டி வந்த நாளில் சுற்றிய பொலித்தீனோடு
ஸ்ரெச்சருக்குக் கீழே கிடந்தது.
பல்லால் கடித்துக் கிழித்தா.

ஓட்டியவன் நிமலேந்திரன், நல்ல பெடியன்.
என்னைப் போலவே ஓட்டுவான்.
முதல் வளைவில் குடல் இடப்பக்கம் போனது,
நான் அதற்குப் பிறகு போனேன்.
கூரையைப் பார்த்தபடி கிடப்பவனுக்கு
வளைவு வருவது தெரியாது,
வந்த பிறகுதான் தெரியும்.
பிறேக் பிடித்தான்.
என் உச்சந்தலை அவன் சீற்றைத் தேடிக் கிளம்ப
தோள் வார் இரண்டும் இழுத்து நிறுத்தின.

"எவ்வளவில வந்தனீ?"
"முப்பது, அக்கா."

முப்பது.
வல்லை வெளியில், மார்கழி மழையில்,
நடுச்சாமம் மாடு குறுக்கே நின்ற அன்று
நான் வந்தது எண்பத்தைந்து.
நோயாளி கட்டுப்பட்டுக் கிடந்தார், ஒன்றுமில்லை.
நாடி பார்க்க முழந்தாளில் இருந்த தர்மினிதான்
அலுமாரி மூலையில் போய் மோதினவள்.
நெற்றியில் ஏழு தையல்.
படிவத்தில் அவளே எழுதினாள்: வழுக்கி விழுந்தது.
நெல்லியடியிலிருந்து நான் மிச்சம் பிடித்தது நாலு நிமிசம்.
தையல் போட முப்பத்தைந்து எடுத்தது.
இதை மெற்றில்டாவுக்கு நான் சொல்லவில்லை.
ஸ்ரெச்சரால் இறங்கி
பற்றைப் பக்கம் போய்ச் சத்தி எடுத்தேன்.
வெயில் என்றேன்.

பின்னேரம் சைரனைப் பற்றிச் சொன்னா:
"அது வழி கேக்கும், அவ்வளவுதான்.
தாறது அவன்ர விருப்பம்.
அவன் காதுக்க வயரைக் கொழுவிக்கொண்டிருப்பான்."

திங்கள் இரவு, மந்திகையிலிருந்து ஒரு மாரடைப்பு.
முன்சீற்றில் மகன்.
"மிதியுங்கோ அண்ணை, மிதியுங்கோ."
பின்னால் பெல்ற் கொழுவுகிற சத்தம், டக்,
அது தர்மினி.
அதைக் கேட்ட பிறகே கியரில் கை வைத்தேன்.

வல்லையில் அறுபது.
சைரன் அலறிக்கொண்டே இருக்க
சிவப்பு விளக்கில் முழுதாக நிறுத்தி,
இரண்டு பக்கமும் பார்த்துப் பிறகு எடுத்தேன்.
மகன் என்னைப் பார்த்த பார்வையை
எந்த வகுப்பிலும் பழக்க மாட்டார்கள்.
அவன் கால் வழிமுழுக்க
அங்கே இல்லாத அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே வந்தது.

"ஊசி இண்டைக்கு ஒரே குத்தில ஏறிற்றுது"
என்றாள் தர்மினி, பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது.
அவ்வளவுதான் சொன்னாள்.
நாலு நிமிசம் பிந்தியிருந்தோம்.
அந்த நாலு நிமிசம் அவருக்கு என்ன செய்தது,
ஏறிய ஊசி என்ன செய்தது
என்று நான் போய்க் கேட்கவில்லை.

விடிய வண்டி கழுவும்போது
முன்சீற்றுக்குக் கீழே ஒரு செருப்பு.
வலக்கால்.
பெருவிரல் படுகிற இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.
துடைத்து வைத்திருக்கிறேன்.
ஒருவரும் தேடி வரவில்லை.
அதை வாட்டுப் பக்கம் கொண்டுபோக
இன்னும் கால் எழவில்லை எனக்கு.