கொக்கிச்சாமி

கடல் பார்த்தவர் எவருமில்லை எங்கள் ஊரில்.
தூத்துக்குடிக் கோயிலொன்று
புதுச் சுரூபம் வாங்கியபோது
மூக்கு உடைந்த பழையவர்
உப்பு லாரியில், வைக்கோல் சுற்றி,
மேலூர் தாண்டி வந்து இறங்கினார்.
தலையில் மூன்றடுக்கு முடி.
கழுத்தில் நிஜக் கயிறு.
கயிற்றின் முனையில் ஓர் இரும்பு.
நங்கூரம் என்றார் சாமியார்.
கிரேன் கொக்கி என்றோம் நாங்கள்.
கிளமெந்து பாப்பானவர் அன்றே
கொக்கிச்சாமி ஆனார்.

சாமியார் விடவில்லை.
இராயப்பர் முதலாக எண்ணினால் நாலாமவராம்.
சண்டை போட்ட சபைக்கு
சமாதானம் சொல்லி நீளமாய்க் கடிதம் எழுதியவராம்.
இராயன் அவரைப் பிடித்துக்
கல்குவாரிக்கு அனுப்பினானாம்.

குவாரிக்கா?
அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த
பின்வரிசை நிமிர்ந்தது.
கூலி எவ்வளவு என்று கேட்டாள் சவரியாயி.

அங்கே கைதிகளுக்குக் குடிக்கத் தண்ணீரில்லை.
செம்மறிக்குட்டி ஒன்று காலால் கீறிய இடத்தில்
அவர் கொத்தினார், ஊற்று பீறிட்டது.
அந்தத் திருநாளில் நாங்களும்
ஒரு குட்டியை அவிழ்த்துவிட்டோம்.
அது நேரே போய்
மேஸ்திரி வீட்டு முருங்கைக் கன்றைத் தின்றது.
அங்கேயே எண்ணூறு அடி போர் போட்டோம்.
வந்தது வெள்ளைப் புழுதி.
முகத்துக்குப் பூசலாம் போல அத்தனை நைசு.

தண்ணீர் வேறிடத்தில் வந்தது,
கல்லுக்காகத் தோண்டிய பள்ளத்தில்.
குவாரி மூடிய பிறகு
நாலு ஐப்பசி மழை அதை நிரப்பியது.
பச்சையாய், அடி தெரியாமல்,
அழகர்மலையைத் தலைகீழாக
வாங்கி வைத்துக்கொண்டு.

கம்பிவடம் கிலோ முப்பது ரூபாய்.
உள்ளே கிடந்ததை இழுக்க
இடுப்பில் முடிந்துகொண்டு குதித்தான்
என் சலேத்.

பாப்பானவரே, உங்கள் கதையின் கடைசியும் எனக்குத் தெரியும்.
நங்கூரம் கட்டி உங்களைக் கடலில் தள்ளினார்கள்.
வருஷா வருஷம் உங்கள் திருநாளில்
கடல் பின்வாங்கிக் கல்லறைக்கு வழிவிடும்.
ஒருத்தி பிள்ளையை அங்கே மறந்துவிட்டாள்.
மறுவருஷம் போய்ப் பார்த்தால்
தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மோட்டார் வைத்து
இரண்டு நாள் இறைத்தார்கள்.
தண்ணீர் படிப்படியாக இறங்கியது.
வரிசையாய்த் தமர் அடித்த துளைகள் தெரிந்தன,
என் கை அடித்தவை சில.
பிறகு யாரோ விட்ட செருப்பு.
பிறகு ஒரு பால் கேன்.
இரண்டு நாளும்
அந்தக் கதையை நான் நம்பினேன்.

அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இந்தக் கார்த்திகையில்
உங்களுக்கு மாலை போட ஆளுண்டு.
நான் ரம்பத்துண்டோடு வந்தேன்.
கயிறு தேங்காய் நார்தான், சட்டென்று விட்டது.
சரித்திரத்தைக் கெடுத்துவிட்டாயே என்றார் சாமியார்.
இரும்பைத் தூக்கி வாசற்சுவரில் சாய்த்தேன்.
அதில் இப்போது
மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள்
பை மாட்டுகிறார்கள்.

உங்கள் கழுத்தில்,
கயிறு கிடந்த இடத்தில்,
எந்தப் பெயிண்டும் தொடாத
ஒரு வெள்ளைக் கோடு.