1970, ஒடுகத்தூர்

பத்து நாற்பதுக்கு வி.பி.என் சுரங்கம் அறுந்தது.
தோட்டப்பாளையத்து மாடியறையில்
மின்விசிறி வெந்நீரைக் கிளறிக்கொண்டிருந்தது.
ஒடுகத்தூர் எக்ஸ்ரே அறையிலிருந்து தேசிங்கு:
"கரெண்ட் போய் வந்திச்சி மேடம்,
அதிலேர்ந்து படம் போவல.
பீஞ்சமந்தையில புளி உலுக்கச்சொல்ல விழுந்தவரு,
சடையன்னு பேரு,
தோளப் புடிச்சினு குந்தினு கீறாரு."

நான் உள்ளே போகிற வழியும்
அறுந்த சுரங்கம் ஒன்றுதான்.
ஆகவே அவர் விரல்களைக் கடன் வாங்கினேன்.

கறுப்புத் திரையைத் திறங்க. சூடோ.
"சூடா?"
சூடோ. எஸ், யூ, டி, ஓ. இடைவெளி.
"பாஸ்வேர்டு அடிக்கறேன், ஒண்ணுமே விழலியே."
விழாது. விழுந்ததாக நினைத்துக்கொண்டு அடியுங்கள்.
கோடு போடுங்க. அடியில் இல்லை, நடுவில்.

ஸ்டேட்டஸ் கேட்டோம்.
"பச்சையா கீது மேடம். ஓடுதுன்னு போட்டுகீது."
டீமன் ஓடுகிறது, எங்கும் போய்ச் சேரவில்லை.
பாலாறு நேர்மாறு:
பாலத்திலிருந்து பார்த்தால் ஓடவில்லை,
மணலுக்கடியில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

"டீமன்னா பேயா மேடம்?"
பேய்தான். படையல் கேட்காத பேய்.
நிறுத்தினோம். எழுப்பினோம்.
மறுபடி நிறுத்தி எழுப்பினோம்.
பச்சையாகவே செத்துக் கிடந்தது.

கடைசி ஐம்பது வரிப் பதிவைக் கேட்டேன்.
மல்லாட்டை உரிப்பதுபோல்
ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தை உரித்துப் போட்டார்.
பொறுக்கிச் சேர்த்தேன்:
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.

காலாவதி என்றால் பழக்கம்தான்.
இன்னும் ஆகவில்லை என்றால்?

தேதி என்ன காட்டுது?
"ஜனவரி ஒண்ணு. காலையில அஞ்சு அம்பத்திரண்டு."
வருஷம்?
மூச்சு மட்டும் கேட்டது.
"எழுபது மேடம். தொள்ளாயிரத்து எழுபது."

எட்டணா அகலத்தில் ஒரு பேட்டரி செத்திருக்கிறது.
மின்சாரம் போன இருட்டில்
பெட்டி தன் முதல் விடியலுக்குத் திரும்பிவிட்டது.
அங்கே நானில்லை, தேசிங்கு இல்லை,
வேலூர் மாவட்டம் இல்லை.
ஒடுகத்தூர் வட ஆற்காட்டில் இருக்கிறது.
போன ஆடியில் கையெழுத்தான சான்றிதழை நீட்டினால்
எந்த வாசற்காவல் நம்பும்?

டேட். கோடு, எஸ். மேற்கோள் குறி.
வருஷம், மாதம், நாள்,
இருபத்து மூன்று, பன்னிரண்டு.
அரை நூற்றாண்டுக்கு மேல், ஒரே என்ட்டரில்.

எழுப்பினோம். கைகுலுக்கிக்கொண்டன.
பிங், நாற்பத்தொரு மில்லிநொடி.

சடையனின் காறையெலும்பு
பட்டை பட்டையாக என் திரையில் இறங்கியது.
எலும்பு படிக்க எனக்குத் தெரியாது.
படிப்பவருக்குத் தள்ளிவிட்டேன்.

"பேட்டரி எங்க கெடைக்கும் மேடம்?"
வாட்ச் கடையில. முப்பது ரூபா. பில் வாங்குங்க.

அந்தப் பதிவை மட்டும் நான் அழிக்கவில்லை.
இன்றைக்கும் கேட்டால் சொல்லும்:
1970, ஜனவரி 1, காலை 5:41.
தேசிங்கு. சூடோ.
ஒருமுறை தவறான கடவுச்சொல்.