இரண்டு முறை சாத்தவும்

கம்பெனியை வாங்கியபோது தொழிற்சாலை வரவில்லை.
அது இருந்த இடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட்டாம்.
வந்தது ஒரு பெயர்,
மூக்கில் எனாமல் பெயர்ந்த ஒரு நாரை,
கப்பலில், எழுபத்து மூன்று தகரக் குழாய்களில்
சுருட்டிய வரைபடங்கள்.

ஹெரன்ஸ்டோன்.
கேட்டில் நிற்கும் பீகார்க்காரர் ஹிரண் என்கிறார்.
அவர் வாயில் நாரை மானாகிவிட்டது.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், ஷெட்டின் மாடி.
அங்குலத்தை மில்லிமீட்டராக்குவது என் வேலை.
முப்பத்திரண்டில் மூன்று என்றால்
இரண்டு புள்ளி மூன்று எட்டு ஒன்று இரண்டு ஐந்து.
இரண்டு புள்ளி நான்கு என்று போடுகிறேன்.
போடும்போதெல்லாம் இங்கிலாந்து
தலைமுடியில் கால்வாசி பருக்கிறது.

"வெள்ளைக்காரனையே வாங்கிட்டோம் நாம"
என்கிறார் டீக்கடை சந்திரப்பா, பேப்பரை மடித்தபடி.
நாம என்றால் யார்?
என் ஸ்கூட்டிக்கு இன்னும் பதினோரு தவணை.

ஈ. டபிள்யூ. என்று மூலையில் கையெழுத்திடுகிறவனை
எனக்குத் தெரியும்.
அவசரத்தில் ஐந்துக்குத் தொப்பி வைக்க மாட்டான்.
திங்கட்கிழமை பென்சில் எப்போதும் மொட்டை.
வரைபடம் 4117, இடது கதவின் தாழ்.
ஓரத்தில் பொடி எழுத்தில்: பல்வலி.
அங்கேதான் தவறிவிட்டான்,
பதினாறில் ஒரு பங்கு கீழே.

முதலில் என் கணக்கென்று நினைத்தேன்.
மூன்று நாள் கூட்டிக் கழித்தேன். அவன்தான்.
யாரோ ஒவ்வொரு கதவையும் அரத்தால் ராவி,
முழுக்கச் சரியாகாமலே அனுப்பியிருக்கிறார்கள்,
இருபது வருஷம்.

திருத்தினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திருத்தம் திரும்பி வந்தது.
பழைய வண்டிக்காரர்கள் சங்கத்திலிருந்து கடிதம்:
கதவை இரண்டு முறை சாத்த வேண்டும்,
முதல் முறை மூடவே கூடாது,
மூடினால் அது எங்கள் வண்டி இல்லை.
அடியில் முதலாளி பெள்ளியப்பா கையால் ஒரு சொல்:
செய்யுங்கள்.

கம்பெனி செத்தது, ஊழியர்கள் கலைந்தார்கள்,
அவன் பல்லும் எப்போதோ போயிருக்கும்.
பிழைதான் பிழைத்திருக்கிறது.
அதை ஆறு வாரம் உட்கார்ந்து
ஸ்பிரிங்கின் விசை கணக்கிட்டு
லட்சம் முறை சாத்தினாலும் தேயாதபடி செய்தேன்.
கொஞ்சம் கூடினால் தண்ணீர் கசியும்.
குறைந்தால் சமர்த்தாக மூடிக்கொள்ளும்.

முதல் வண்டி வெளியே வந்த அன்று மழை.
தரச் சோதனைத் தாளோடு நூர் அஹ்மத் நின்றார்.
சாத்தினார். மூடவில்லை.
பழக்கத்தில் அவர் கை
பின்பாக்கெட்டில் அரத்தைத் தேடியது.
"பாய், இன்னொரு தரம்" என்றேன்.
டப்.

என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.
சரி, தவறு. அதில் இரண்டே கட்டம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
நனைந்தபடி நிற்கிறார்.