மறை கழன்றது

வேட்டை தொடங்க ஒன்பது நாள் இருந்தது.
அவுலிஸ் தன் ரைஃபிளைக் கம்பளியில் சுற்றி எடுத்து வந்தான்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருகிறாற்போல.
"ரைலி, இது சரியாகச் சுடுவதில்லை.
போன வருஷம் எண்பது மீட்டரில் மூஸ் நின்றது.
பக்கவாட்டில், அசையாமல், வைக்கோல் கொட்டகை மாதிரி.
தவறிவிட்டது."

தபால் வேலை முடிந்த மாலைகளில்
கராஜில் எனக்கு இதுதான் பிழைப்பு.
குஹ்மோவில் பாதிப் பேரின் குழல்களுக்குள்
விளக்கடித்துப் பார்த்திருக்கிறேன்.
மழையில் நனைந்ததை அப்படியே பெட்டியில் வைப்பவர் யார்,
போல்ட்டுக்குச் சமையல் எண்ணெய் போடுபவர் யார்,
பொரித்த மீன் வாசனையே காட்டிக்கொடுக்கும்.
தெரியும். சொல்வதில்லை.
தபால்காரி உறை பிரிப்பதில்லை.

முதலில் போல்ட்டை இழுத்து அறை காலியா என்று பார்த்தேன்.
பிறகு சுண்டுவிரலை விட்டு இன்னொரு முறை.
கரைப்பான் தோய்த்த துணித்துண்டு ஒன்று, இரண்டு, மூன்று.
செம்பின் பச்சை வரும் என்று காத்திருந்தேன்.
வெள்ளையாகவே வந்தது.
ஸ்கோப்பின் மறைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன்.
ஒன்றும் அசையவில்லை.
சரளைக்குழிக்குக் கொண்டுபோய் நூறு மீட்டரில் மூன்று ரவை.
மூன்று துளைகளையும் ஒரு காபிக் கோப்பையின் அடியால் மூடலாம்.

இதைவிட நல்ல துப்பாக்கி என் கைக்கு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம்.
அவன் படகு, என் தூண்டில்கள், ஒரு ஃபிளாஸ்க்.
பெர்ச் மீன்கள் மதியம்வரை எங்களை மதிக்கவில்லை.
பிறகு ஒரே மூச்சில் பதினொன்று.
சின்னதாக ஒன்று சிக்கியது.
கையை ஏரியில் நனைத்துக்கொண்டுதான் அதைப் பிடித்தான்,
வறண்ட விரல் அதன் வழுவழுப்பை உரித்துவிடும் என்று.
முள்ளைக் கழற்றி, வாலை விட்டுவிட்டு,
தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்:
"அது கொட்டாவி விட்டது, ரைலி."

எது என்று நான் கேட்கவில்லை.

"வாயைப் பிளந்து, நாக்கை நீட்டி.
திங்கள்கிழமை காலையில் நீ விடுவாயே, அப்படி."

பன்னிரண்டு வீட்டு ஃப்ரீஸர்கள் அந்த இறைச்சிக்காகக் காலியாக இருந்தன.
பன்னிரண்டு பேரும் ஒரு வருஷமாக
அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம்
கொஞ்சம் அதிகமாகவே சிரித்து வைத்தார்கள்.

வேட்டைக்கு முந்தைய இரவு, குடிசை வாசலில் நெருப்பு.
குச்சி முனையில் தொத்திறைச்சி வெடித்துச் சொட்டியது.
ஹெய்மோ கேட்டார், எல்லோருக்கும் கேட்கும்படி:
"அவுலிஸின் துப்பாக்கிக்கு என்னதான் கோளாறு?"

"மறை கழன்றிருந்தது," என்றேன்.
"துப்பாக்கிக்கா, அவனுக்கா?" என்றது இருட்டிலிருந்து ஒரு குரல்.
பெஞ்சுகள் குலுங்கின. அவனும் சிரித்தான்.
"ஸ்கோப்பின் பின் மறை. கால் சுற்று," என்றேன்,
கால் சுற்றை விரலால் காற்றில் திருகிக் காட்டி.
பொய்க்கும் அளவு சரியாக இருக்க வேண்டும்.
கூலி இருபது யூரோ வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் சந்தேகம் வரும்.

சனிக்கிழமை. மூடுபனி. நாய் தூரத்தில் குரைத்தது.
வாக்கி-டாக்கியில் ஹெய்மோ: "அவுலிஸ், உன் பக்கம் வருகிறது."
காத்திருந்தோம்.
பிர்ச் இலை விழுவதுகூடக் கேட்டது.
"என்ன ஆயிற்று?"
நீண்ட இரைச்சல். பிறகு அவன் குரல்:
"ரைலியிடம் கேளுங்கள். சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது."

அதற்குள் அது என் நிலைக்கு வந்துவிட்டது.
முட்டிவரை சதுப்பில், கொம்பில் பாசி தொங்க.
என்னைப் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.

சுட்டேன். ஒரே ரவை.

முதலில் ஓடி வந்தவன் அவுலிஸ்தான்.
கத்தியைத் தீட்டி வைத்திருந்தான்.
வயிற்றைத் திறப்பதில் அவனுக்கு நிகர் எங்கள் குழுவில் இல்லை;
குடலில் ஒரு கீறல் விழாது.
மண்டியிட்டு, முழங்கைவரை ஆவி பறக்க,
நிமிராமலே கேட்டான்:
"விட்டதா?"

"இல்லை," என்றேன்.
தலையாட்டினான்.
வாளியை நகர்த்தச் சொன்னான்.