இருபது அடி வடக்கே

கடைசி விமானம் போனபின்
பதினொன்றரைக்கு எங்களை உள்ளே விடுவார்கள்.
ஆடி மாதம்தான், ஆனாலும்
பகல் வெயிலைத் தார் இன்னும் கீழே வைக்கவில்லை.
ஒச்சப்பன் நூலின் அந்த முனை,
நான் இந்த முனை.
முப்பது மீட்டர் வெள்ளை,
இருபது மீட்டர் சும்மா,
திரும்ப முப்பது மீட்டர் வெள்ளை.
பெருங்குடிப் பக்கம் தொடங்கிக்
கிழக்கு வேலி வரைக்கும்
இந்தக் கணக்குத்தான் எனக்குச் சோறு.

கோட்டின் மேல் யாரும் இறங்குவதில்லை.
சொன்னால் மேஸ்திரி சிரிப்பார்.
டயர் எழுதிவிட்டுப் போவதை
நான்தானே குனிந்து படிக்கிறேன்:
ஜோடி ஜோடியாக ரப்பர் தீற்றல்கள்,
சிலது தெற்கே,
மற்றதெல்லாம் வடக்கே சாய்ந்து
மழைக்கு ஒதுங்கும் மந்தை போல.

அன்றைக்கு ஏதோ கோளாறென்று
சென்னை விமானம் இங்கேயே தங்கிவிட்டது.
அதன் துணை விமானி
பொறியாளரின் ஜீப்பில் வந்து இறங்கினாள்.
பெயர்ப்பட்டையில் ஜெசிந்தா. பேச்சில் திண்டுக்கல்.
"என் தடம் எதுண்ணே?"

தேட வேண்டியதில்லை.
பழசு சாம்பல், புதுசு மை.
காட்டினேன்.
கோட்டிலிருந்து ஷூவை ஷூவோடு ஒட்டி வைத்து
அளந்துகொண்டே போனாள்.
இருபது.

முதலில் காற்றைச் சொன்னாள்.
கம்பம் கணவாயில் புகுந்து
தேனி, உசிலம்பட்டி தாண்டி வருகிற காற்று.
"மூக்கை வலையங்குளம் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டே
நண்டு மாதிரி வரணும்ணே.
தரை தொடுற நேரத்துல நேராக்கணும்.
நேராக்குனேன்.
காத்துக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஒச்சப்பன் நூலைத் தளரவிட்டுக் கேட்டான்:
"அப்ப ஐப்பசியில
இலை அசையாத ராத்திரித் தடமும்
ஏன் தள்ளிக் கெடக்கு?"

அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள்.
தன் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள்,
விரலில் கரி ஒட்டியது.

"நாங்க ரெண்டு பேர் உக்கார்றோம்.
நடுவுல யாரும் இல்ல.
கோடு எனக்கு நேரா இருந்துச்சுன்னா
விமானத்துக்கு நேரா இல்லைன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் கழித்து,
"அது ரெண்டடிகூட வராது" என்று
அவளே சொல்லிக்கொண்டாள்.

"கடைசி முனையைப் பாத்திருக்கணும்.
தரை வந்துருச்சா வந்துருச்சான்னு
மூக்குக்குக் கீழயே பாத்துட்டேன்.
பக்கத்துல பாத்தா எல்லாமே ஓடும்,
எது விலகுதுன்னு எப்படித் தெரியும்?
அப்புறம் சக்கரம் தொட்டுச்சு.
அப்பாடான்னு கால் தளர்ந்துருச்சு.
இந்த இருபதுல பாதி
அந்த அப்பாடாதாண்ணே."

எழுந்து கையைத் தட்டிக்கொண்டே
விளையாட்டாகக் கேட்டாள்:
"கோடு நேராத்தான இருக்கு?"

"நூல் பிடிச்சுப் போட்டது" என்றேன்.

மேற்கிலிருந்து பதினேழாவது கோட்டில்
ஓர் இடத்தில் இரண்டு விரற்கடை வளைவு.
போன பங்குனியில்
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, தவணைக்காரன்.
எடுக்கவில்லை.
எடுக்கலாமா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.
உருளை தெற்கே ஒரு மூச்சு விட்டது.
முழங்கை அகலக் கோட்டில்
இரண்டு விரலை யார் பார்க்கப்போகிறார்கள்?
அதிகாரி அளந்து கையெழுத்துப் போட்டாயிற்று.
அதன்மேல் இதுவரை
ஆயிரம் பேர் இறங்கியிருப்பார்கள்.
இறங்கவில்லை,
பக்கத்தில் இறங்கியிருப்பார்கள்.

ஜீப் திரும்பிப் போனது.
ஒச்சப்பன் நூலைச் சுண்டினான்.
சுண்ணாம்பு எழும்பி
வடக்கே போய் விழுந்தது.

"நேரா?" என்று கத்தினான்.

கையைப் பார்க்காமல்
தூரத்தில் அவன் பிடித்திருந்த டார்ச்சையே
பார்த்துக்கொண்டு நகர்ந்தேன்.
நன்றாகத்தான் போனது, பத்து மீட்டர் வரைக்கும்.
பிறகு காலடியில் இருந்த
பெயின்ட் டப்பாவை உதைத்துவிட்டேன்.

நாலு மணிக்குள் துடைத்தாக வேண்டும்.
ஏழேகாலுக்கு முதல் விமானம்.